நிழல் காட்டும் விமானம்

நுழையும்முன்

கட்டடம் ஒன்றை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அதன் பெயரை அறிவோம். கட்டியவர் யாரென அறிவோம். அதன் உயரத்தைக்கூடச் சொல்வோம். ஆயினும் தாளை விரித்து அதனை வரைய அமரும்போதுதான், நாம் அதனை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியவருகிறது. வடிவங்களைப் பிரித்தறியவும், ஒளி விழும் பக்கத்தையும் நிழல் படியும் பக்கத்தையும் வேறுபடுத்திக் காணவும் கற்பிப்பது ஓவியக்கலை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சான்றாகக் கொண்டு அக்கலையின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

கேட்டதும் கண்டதும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. கோயிலைக் காண வருவோர் பலர் இச்செய்தியைக் கேட்டுக்கொண்டே திருச்சுற்றில் நுழைகின்றனர், விமானத்தை அண்ணாந்து பார்க்கின்றனர், வியந்து திரும்புகின்றனர். அவ்வேளையில் அவர்களுக்குச் சற்றுத் தொலைவிலேயே விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடக்கிறது. கால் சுடாமல் நடக்க அந்நிழலைத் தேடிச் செல்பவர்கூட, அது விழாது என்று உடன் வந்தவரிடம் சொல்லக்கூடும். காது கேட்டதை மனம் நம்பிவிட்டால், கண் கண்டதை அது பொருட்படுத்துவதில்லை.

அதே திருச்சுற்றில் தாளும் கரிக்கோலும் கொண்டு அமரும் ஓவிய மாணவர் அவ்வாறு இருந்துவிட முடியாது. நிழலை விட்டுவிட்டு அவர் விமானத்தை வரைந்தால், தாளில் அது வெட்டி ஒட்டிய அட்டை போலத் தட்டையாகத் தோன்றும். கருங்கல்லின் கனமும், தளங்கள் அடுக்கடுக்காக உள்வாங்கிச் செல்லும் அமைப்பும், மேலே அமர்ந்த சிகரத்தின் திரட்சியும் நிழலால்தான் புலப்படுகின்றன. எனவே, விமானத்தை வரைய விரும்புவோர் முதலில் அதன் நிழலைப் பார்க்கக் கற்றாக வேண்டும்.

நிழலை அளந்த முன்னோர்

கட்டடத்துக்கும் நிழலுக்கும் உள்ள உறவு ஓவியர் கண்டுபிடித்தது அன்று. கட்டடம் எழும் முன்பே அவ்வுறவு தொடங்கிவிடுகிறது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை அமைக்கப்பட்ட முறையை நக்கீரர் விளக்குகிறார். கட்டடக் கலை நூல்களைக் கற்றறிந்த வல்லுநர்கள் இரண்டு கோல்களை நட்டு, அவற்றின் நிழலைக் கூர்ந்து நோக்கினர். கதிரவன் எப்பக்கமும் சாயாமல் நிற்கும் நண்பகல் வேளையில் திசைகளைத் துல்லியமாகக் குறித்தனர். பின்னர்க் கயிறு கட்டி நிலத்தை அளந்து, மனை வகுத்தனர்.

கோல் நிழலைக் கொண்டு திசை அறிந்த பின்னரே அடித்தளத்தின் சதுரமும் செவ்வகமும் நிலத்தில் வரையப்பட்டன. ஒளி, நிழல், வடிவம் ஆகிய மூன்றும் கட்டுவோர் கைக்கு முதலில் வந்தன. வரைவோர் கைக்குப் பின்னர் வந்தன. கட்டுவோர் தரையில் வரைந்த வடிவத்தை மேலே எழுப்பினர். வரைவோர் எழுந்து நிற்கும் கட்டடத்திலிருந்து அவ்வடிவத்தை மீண்டும் கண்டெடுக்கின்றனர்.

தெரியுமா?
வண்ணம் தீட்டப்பெறாமல் கோடுகளால் மட்டும் அமைந்த ஓவியத்தைக் குறிக்கும் ‘புனையா ஓவியம்’ என்னும் சொல்லாட்சியும் நெடுநல்வாடையில் இடம்பெற்றுள்ளது.

வடிவங்களைக் காணல்

முதலாம் இராசராசன் எழுப்பிய பெரிய கோயில் கி.பி. 1010ஆம் ஆண்டில் நிறைவுபெற்றது. அதன் விமானம் 13 தளங்களைக் கொண்டது. ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. கோட்டங்கள், அரைத்தூண்கள், கூடுகள், சிற்பங்கள் எனக் கண்ணைக் கவரும் நுண்வேலைப்பாடுகள் அதில் எண்ணற்றவை. புதிதாக வரையத் தொடங்குவோர் பெரும்பாலும் இவற்றில்தான் சிக்கிக்கொள்கின்றனர். ஏதேனும் ஒரு சிற்பத்தில் தொடங்கி, அடுத்ததற்கு நகர்ந்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் நிமிர்ந்து பார்க்கும்போது, சிற்பங்கள் தாளில் இருக்கின்றன, விமானத்தைக் காணோம். ஒரு பக்கம் சரிந்திருக்கும்; சிகரத்துக்குத் தாளில் இடம் இருக்காது.

இதனைத் தவிர்க்கும் வழி எளியது. கண்களைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் நுண்வேலைப்பாடுகள் மங்கி, பெரிய வடிவங்கள் மட்டும் எஞ்சும். அவ்வாறு பார்க்கையில் விமானம் மூன்று கன உருவங்களாகப் பிரிகிறது. அடியில் இரண்டு நிலைகளாக நேரே எழும் செங்குத்துச் சுவர்கள், சதுர அடித்தளம் கொண்ட ஒரு பெட்டியின் வடிவம். அதன்மேல் குறுகிக்கொண்டே செல்லும் தளங்களின் அடுக்கு, உச்சி வெட்டப்பட்ட பிரமிடு. கணிதப் பாடத்தில் கூம்பின் இடைக்கண்டத்தைப் படித்தவர்கள் இங்குப் பிரமிடின் இடைக்கண்டத்தைக் காணலாம். உச்சியில் இருப்பது எட்டுப் பட்டைகளைக் கொண்ட, குவிந்த சிகரம். அதற்கும் மேலே கலசம்.

விகிதமும் முதலிலேயே குறிக்கப்பட வேண்டும். அடித்தளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 100 அடி. உயரமோ 216 அடி. ஆகவே, விமானத்தை நேர்முகமாகப் பார்க்கையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு சதுரங்களுக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் அது அடங்குகிறது. தாளின் நடுவே மெல்லிய செங்குத்துக்கோடு ஒன்றை அச்சாக வரைந்து, இரண்டு சதுரங்களை அடுக்கி, அச்சின் இருபுறமும் சமமாக அமையுமாறு மூன்று உருவங்களையும் அதற்குள் பொருத்தினால், பத்தே கோடுகளில் விமானம் தாளில் வந்து நிற்கும். கோட்டங்களும் கூடுகளும் அதன் பின்னர் தத்தம் இடத்தில் தாமே வந்தமரும்.

இயற்கையிலுள்ள பொருள்களை உருளை, கோளம், கூம்பு ஆகிய அடிப்படை வடிவங்களின் வழியே அணுக வேண்டும் என்று பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1904ஆம் ஆண்டில் இளம் ஓவியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மலையையும் மரத்தையும் எண்ணி எழுதப்பட்ட அவ்வறிவுரை கட்டடங்களுக்கு இன்னும் எளிதாகப் பொருந்துகிறது. கட்டடம் தொடக்கத்திலேயே வடிவக் கணிதத்தால் உருவானதன்றோ!

கண்மட்டக் கோடு

பெட்டி வடிவத்தைக் கோயிலின் ஒரு மூலையிலிருந்து பார்க்கும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. விமானத்தின் தளங்களைப் பிரிக்கும் கிடைக்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையானவை என்பதை நாம் அறிவோம். ஆனால், கண்ணுக்கு அவை அவ்வாறு தெரிவதில்லை. நமக்கு அருகிலுள்ள மூலையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, அவை கீழ்நோக்கிச் சாய்வனபோல் தோன்றுகின்றன. உயரத்திலுள்ள கோடுகள் மிகுதியாகவும், தாழ உள்ளவை குறைவாகவும் சாய்கின்றன. நம் கண்ணின் உயரத்தில் அமைந்த கோடு மட்டும் சாயாமல் கிடையாகவே நிற்கிறது. அதுவே கண்மட்டக் கோடு. ஒரே திசையில் விலகிச் செல்லும் கிடைக்கோடுகளை நீட்டினால், அவை அனைத்தும் கண்மட்டக் கோட்டிலுள்ள ஒரு புள்ளியில் சென்று கூடும். அப்புள்ளி மறைவுப்புள்ளி எனப்படும். மூலையிலிருந்து பார்க்கும் கட்டடத்துக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு மறைவுப்புள்ளிகள் அமைகின்றன.

இவ்வுண்மையைச் செயல்முறையில் மெய்ப்பித்தவர் இத்தாலியின் பிளாரன்சு நகரக் கட்டடக் கலைஞர் புரூனலெசுக்கி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நகரப் பேராலயத்தின் எதிரேயுள்ள எண்கோண வடிவத் திருமுழுக்கு ஆலயத்தை அவர் ஒரு சிறு பலகையில் வரைந்தார். பலகையில் துளை ஒன்றை இட்டு, பின்புறமிருந்து அதன் வழியே பார்க்கச் செய்தார். எதிரே கண்ணாடி ஒன்றைப் பிடித்து, அதில் ஓவியத்தின் பிம்பத்தைக் காணச் செய்தார். வானம் இருக்கவேண்டிய இடத்தில் அவர் வண்ணம் தீட்டவில்லை. மெருகிட்ட வெள்ளியைப் பதித்திருந்தார். மெய்யான வானமும் நகரும் மேகங்களும் அதில் தெரிந்தன. பார்த்தவருக்கு ஓவியமும் உண்மைக் கட்டடமும் ஒன்றாகவே தோன்றின. அப்பலகை இன்று கிடைக்கவில்லை. எனினும், அதன் வழி உறுதிப்பட்ட நெறியை, லியோன் பத்திசுத்தா ஆல்பெர்த்தி 1435ஆம் ஆண்டில் ஓவியக்கலை பற்றிய தம் நூலில் முறைப்படுத்தி எழுதினார்.

மனம் அறிந்திருப்பது ‘இணைகோடு’. கண் காண்பது ‘சாய்கோடு’. வரைவோர் கண்ணின் பக்கம் நிற்க வேண்டும். கரிக்கோலைக் கை நீட்டிப் பிடித்து, கட்டடத்தின் கோட்டோடு பொருத்திச் சாய்வை அளந்து, அச்சாய்வையே தாளுக்குக் கொண்டுவருவது இதற்குரிய பழகிய வழி.

ஒளியின் திசை

வடிவம் அமைந்தபின் ஒளியைக் கவனித்தல் வேண்டும். ஒளி படும் பொருளில் இரண்டு வகை நிழல்கள் உண்டு. ஒளிக்கு மறுபுறம் திரும்பியுள்ள பக்கம் தானே இருண்டிருப்பது தன்னிழல். பொருள் ஒளியை மறிப்பதால் தரையிலோ மற்றொரு பரப்பிலோ விழுவது வீழ்நிழல். தன்னிழல் பொருளின் கனத்தைக் காட்டும். வீழ்நிழல் அது நிற்கும் இடத்தைக் காட்டும். தன்னிழல் இல்லாத பெட்டி, தாளில் வெறும் சதுரமாகிவிடும். வீழ்நிழல் இல்லாத பெட்டி, தரையில் நில்லாமல் அந்தரத்தில் மிதக்கும்.

பரப்பின் வடிவத்துக்கேற்ப ஒளி மாறும் விதமும் வேறுபடும். பெட்டியின் தட்டையான பக்கங்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரே சீரான செறிவு கொண்டிருக்கும். ஒளியும் இருளும் விளிம்பில் சட்டெனப் பிரியும். உருளையில் ஒளி சிறிது சிறிதாகக் குறைந்து இருளில் கரையும். விமானத்தின் எண்பட்டைச் சிகரமோ இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரே இடத்திலிருந்து அதன் பட்டைகளுள் மூன்றோ நான்கோதான் தெரியும். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குச் செல்கையில் ஒளி படிப்படியாக மாறும். ஒவ்வொரு பட்டையும் மேலே செல்லச் செல்ல வளைவதால், அதற்குள்ளும் ஒளி மெல்ல வேறுபடும். இந்த இரண்டு மாற்றங்களையும் பிரித்துக் காட்டினால் சிகரம் திரண்டு எழும். தவறினால் தட்டையான தொப்பியாகிவிடும்.

கதிரவன் நிற்கும் திசை, நாளுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுகிறது. பெரிய கோயில் கிழக்கு நோக்கியது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் அமைந்துள்ளது. ஆகவே, ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகல் கதிரவன் அங்கு வடபுறத்தில் நிற்கிறான். அம்மாதங்களின் நண்பகலில் விமானத்தின் தென்புறச் செங்குத்துச் சுவர்கள் நேரொளி பெறுவதில்லை. திசம்பர் மாதத்திலோ கதிரவன் நாள் முழுவதும் தென்புறத்திலேயே செல்கிறான். தென்சுவர் காலை முதல் மாலை வரை ஒளியில் நனைகிறது. திசம்பர் மாதப் பிற்பகலில் தென்கிழக்கு மூலையிலிருந்து விமானத்தைப் பார்ப்பவர், தெற்குப் பக்கத்தை முழு ஒளியிலும் கிழக்குப் பக்கத்தைத் தன்னிழலிலும் காண்பார். ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாக அமையும் இத்தகைய கோணமே கட்டட ஓவியத்துக்கு மிக ஏற்றது.

விழாத நிழலா?

தொடக்கத்தில் கண்ட செய்திக்கு இப்போது திரும்பலாம். விமானத்தின் நிழல் தரையில் விழுகிறதா என்பதைக் கணக்கிட்டே அறியலாம். திசம்பர் மாத இறுதி வாரத்தில் தஞ்சாவூரில் நண்பகல் கதிரவனின் உயரக்கோணம் ஏறத்தாழ 56 பாகை. 216 அடி உயரத்தை 56 பாகையின் தாஞ்சன்ட் மதிப்பால் வகுத்தால் ஏறத்தாழ 145 அடி கிடைக்கும். விமானத்தின் நடுவிலிருந்து அடித்தள விளிம்பு வரை உள்ள தொலைவு 50 அடியே. ஆகவே, அந்நாளின் மிகக் குறுகிய நிழல்கூடச் சுவரைத் தாண்டி வடபுறத் தரையில் ஏறத்தாழ 95 அடி நீள்கிறது. காலையிலும் மாலையிலும் அது இன்னும் நீளும். காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் சாயும்.

எனில், அச்செய்தி முழுவதும் வெறுங்கற்பனையா? அவ்வாறும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களின் பிற்பகுதியில், கதிரவன் தஞ்சாவூரின் தலைக்கு நேரே வரும் நாள்கள் உண்டு. அந்நாள்களின் நண்பகலில், மேலே குறுகியும் கீழே அகன்றும் உள்ள விமானத்தின் ஒவ்வொரு தளமும் தனக்கு மேலுள்ள தளத்தின் நிழலைத் தன்மீதே ஏந்திக்கொள்கிறது. நிழல் அடித்தளத்தைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. அத்தகைய நண்பகல் ஒன்றில் கண்டவர் சொன்னது, எல்லா நாளுக்கும் எல்லா வேளைக்கும் உரியதாக வழங்கியிருக்கக்கூடும். ஒரு வேளையின் உண்மையை என்றைக்கும் உரிய உண்மையாக்கும்போது அது பிழையாகிறது. நிழல் விழாமையைச் சொல்லிப் பெருமை சேர்க்க வேண்டிய நிலையில் அவ்விமானம் இல்லை. ஆயிரம் ஆண்டுகளாக நாள்தோறும் அது வீழ்த்திவரும் நீண்ட நிழலே அதன் பெருமையை அளந்து சொல்கிறது.

நிழலின் நிறம்

நிழல் என்றால் கறுப்பு என்று கருதுவதும் மனத்தின் முடிவே, கண்ணின் முடிவன்று. திறந்த வெளியில் உள்ள நிழற்பகுதிக்குக் கதிரவனின் நேரொளி வாராவிட்டாலும், நீல வானத்தின் ஒளி வருகிறது. அதனால் நிழலில் மெல்லிய நீலம் கலந்திருக்கும். வெயில் படும் தரையிலிருந்து எதிரொளியும் மேலே எழுகிறது. அதனால் கொடுங்கையின் அடிப்புறம் போன்று கீழ்நோக்கிய பரப்புகள் நிழலில் இருந்தாலும் இளஞ்சூட்டு நிறம் பெறுகின்றன. கருவண்ணத்தை அப்படியே பூசினால் நிழல், சுவரில் விழுந்த ஓட்டை போலத் தோன்றும். நீலமும் செம்பழுப்பும் கலந்த வண்ணத்தை நீர்விட்டுப் பூசினால் நிழலுக்குள்ளும் கல் தெரியும்.

நிழலின் விளிம்பும் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கொடுங்கைக்குச் சற்றுக் கீழே விழும் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். சிகரத்திலிருந்து தரையில் விழும் நிழலின் விளிம்பு கலங்கியிருக்கும். கதிரவன் ஒரு புள்ளியாக இல்லாமல், ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டமாகத் தெரிவதே இதற்குக் காரணம். நிழல் விழும் தொலைவு 100 அடியானால் விளிம்பு ஓரடி அளவுக்கு மங்கும். இந்த வேறுபாட்டைக் காட்டும் ஓவியத்தில், எது அருகில் உள்ளது, எது உயரத்தில் உள்ளது என்பது சொல்லாமலே விளங்கும்.

நீர்வண்ண ஓவியத்தில் வேலைகளைப் பின்வரும் வரிசையில் செய்வது நலம்:

1. மெல்லிய கோடுகளால் பெரிய வடிவங்களை வரைதல்; நிழலின் எல்லையையும் அப்போதே கோடிட்டுக் குறித்தல்.
2. மிகுந்த ஒளி படும் இடங்களைத் தாளின் வெண்மையாகவே விட்டு, வானத்துக்கும் ஒளிப்பக்கத்துக்கும் வெளிர்வண்ணம் பூசுதல்.
3. அது நன்கு உலர்ந்தபின், தன்னிழற் பக்கம் முழுவதையும் ஒரே பூச்சில் பூசுதல்.
4. கொடுங்கைகளின் கீழும் கோட்டங்களின் உள்ளும் விழும் சிறு நிழல்களை இடுதல்.
5. மிக இருண்ட சில இடங்களை மட்டும் இறுதியில் அழுத்தமாக்குதல்.

முதற்படியிலேயே நிழலின் எல்லையைக் குறித்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. புவியின் சுழற்சியால் கதிரவன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுகிறான். நிழலும் உடன் நகர்கிறது. நகரும் நிழலைத் துரத்திக்கொண்டே வரைபவர், ஒரே கட்டடத்தில் காலை நிழலையும் நண்பகல் நிழலையும் கலந்து, எந்த வேளைக்கும் உரியதல்லாத ஓர் ஓவியத்தைத் தீட்டிவிடுவார்.

ஓவியர் கண்ட கட்டடங்கள்

ஒளியின் நகர்வையே பாடுபொருளாக்கியவர் பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே. 1892, 1893ஆம் ஆண்டுகளில் அவர் ரூவான் நகரப் பேராலயத்தின் எதிரே உள்ள அறைகளில் அமர்ந்து, அதன் முகப்பை மீண்டும் மீண்டும் தீட்டினார். ஒளி மாறியதும் தீட்டிக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு, அந்த வேளைக்குரிய வேறொன்றை எடுத்துக்கொண்டார். இவ்வாறு முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின. அவற்றுள் 20 ஓவியங்கள் 1895ஆம் ஆண்டில் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கல் ஒன்றே, முகப்பு ஒன்றே. காலைப் பனியில் அது நீலமாகவும், மாலை வெயிலில் பொன்னாகவும் நின்றது.

தஞ்சை விமானத்தையும் தொலைநாட்டு ஓவியர் இருவர் வரைந்துள்ளனர். ஆங்கில ஓவியர் தாமசு டேனியல், தம் அண்ணன் மகன் வில்லியம் டேனியலுடன் 1786ஆம் ஆண்டில் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1792ஆம் ஆண்டில் இருவரும் தென்னிந்தியப் பயணத்தைத் தொடங்கினர். அவர்கள் தம்முடன் இருட்டுப்பெட்டி என்னும் கருவியைக் கொண்டு வந்திருந்தனர். வில்லையின் வழியே வரும் கட்டடத்தின் பிம்பத்தைத் தாளில் விழச்செய்து, அதன் கோடுகளைப் பின்பற்றி வரைய அது துணைநின்றது. இங்கிலாந்து திரும்பியபின் அவர்கள் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் தொகுப்பில் 144 படங்கள் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் படமும் அவற்றுள் ஒன்று. ஒளிப்படக் கருவி தோன்றாத அக்காலத்தில், நம் நாட்டுக் கட்டடங்களின் தோற்றத்தைப் பதிந்து வைத்த ஆவணங்களாக அவை இன்று மதிக்கப்படுகின்றன. கருவி கோடுகளைத்தான் தந்தது. எந்த இடத்தில் நிற்பது, எந்த வேளையின் ஒளியைத் தெரிவது, எதனை விடுவது என்னும் முடிவுகள் ஓவியர் எடுத்தவை.

தெரியுமா?
பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், பிற்காலத்து நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. 1931ஆம் ஆண்டில் அவற்றை வெளியுலகுக்கு அறிவித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி.

அச்சோழர் கால ஓவியங்களில் தில்லைக் கூத்தப்பெருமானின் திருக்கோயிலும் தீட்டப்பட்டுள்ளது. அங்கு வழிபாட்டின் சிறப்பே கட்டடம் வரையப்பட்ட முறையைத் தீர்மானிக்கிறது; மறைவுப்புள்ளியும் வீழ்நிழலும் அவ்வோவியர்க்குத் தேவைப்படவில்லை. அதனைக் குறைபாடாகக் கருதுதல் கூடாது. கண் ஒரு வேளையில் காண்பதைக் காட்டுவது ஓர் ஓவிய மரபு. நெஞ்சில் என்றும் நிற்பதைக் காட்டுவது மற்றொரு மரபு. எந்த மரபைப் பின்பற்றுகிறோம் என்பதை அறிந்து வரைதலே வேண்டுவது.

பார்த்தல் என்னும் பயிற்சி

ஓவியராக வேண்டும் என்பதற்காக மட்டும் இப்பயிற்சி வேண்டப்படுவதில்லை. தம் ஊர்க் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பழைய வீட்டுத் திண்ணை, பள்ளிக் கட்டடம் என எதையேனும் ஒரு முறை அமர்ந்து வரைந்தவருக்கு, அது அதன்பின் வெறும் வழியோரக் கட்டடமாக இராது. எந்த வேளையில் அதன் எந்தப் பக்கம் ஒளிரும், எங்கே நிழல் தங்கும், எந்தத் தூண் சற்றுச் சாய்ந்துள்ளது, எந்த மூலையில் சுதை உதிர்ந்துள்ளது என்பதையெல்லாம் அவர் அறிவார். நன்கு பார்த்த ஒன்றைப் பாதுகாக்கும் எண்ணமும் அவருக்கு எளிதில் பிறக்கும்.

திருச்சுற்றில் அமர்ந்து வரையும் மாணவரின் பின்னால் நின்று, விமானத்தின் நிழல் விழாது தெரியுமா என ஒருவர் கேட்கலாம். அவரோடு வழக்காட வேண்டியதில்லை. ஓவியத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும். தாளில் இருக்கும் நிழலைப் பார்த்தபின், அவர் தரையில் இருக்கும் நிழலையும் திரும்பிப் பார்ப்பார்.

கலைச்சொல் விளக்கம்

கண்மட்டக் கோடு – பார்ப்பவரின் கண் உயரத்தில் அமையும் கிடைக்கோடு
மறைவுப்புள்ளி – விலகிச் செல்லும் இணைகோடுகள் கூடுவதாகத் தோன்றும் புள்ளி
தன்னிழல் – ஒளிக்கு மறுபுறம் திரும்பிய பக்கத்தின் இருள்
வீழ்நிழல் – பொருள் ஒளியை மறிப்பதால் பிற பரப்பில் விழும் நிழல்
எதிரொளி – ஒளி பட்ட பரப்பிலிருந்து திரும்பி வரும் ஒளி
கொடுங்கை – சுவரின் மேல் வெளிநீண்டு வளைந்த கூரை உறுப்பு

இலக்கணக் குறிப்பு

வீழ்நிழல் – வினைத்தொகை
கருங்கல் – பண்புத்தொகை
ஒளியும் நிழலும் – எண்ணும்மை
புனையா ஓவியம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள கட்டடம் ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள கன உருவங்களைப் பட்டியலிடுக. அவ்வுருவங்களை மட்டும் கொண்டு கட்டடத்தைப் பத்துக் கோடுகளில் வரைக.
2. பள்ளி வளாகத்தில் கோல் ஒன்றை நட்டு, ஒரே நாளில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் அதன் நிழலின் நீளத்தையும் திசையையும் அளந்து எழுதுக.
3. உங்கள் பகுதியில் வழங்கும் கட்டடம் பற்றிய செவிவழிச் செய்தி ஒன்றை நேரில் ஆராய்ந்து, கண்டதை ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.
தன்னிழல் இன்றி வரையப்பட்ட பெட்டி எவ்வாறு தோன்றும்?
அ) அந்தரத்தில் மிதக்கும் ஆ) வெறும் சதுரமாகத் தோன்றும் இ) சாய்ந்து தோன்றும் ஈ) உருளையாகத் தோன்றும்

குறுவினா
1. தன்னிழல், வீழ்நிழல் – வேறுபடுத்துக.
2. நிழலில் நீலம் கலந்து தோன்றுவது ஏன்?

சிறுவினா
1. நெடுநல்வாடை கூறும் மனை வகுக்கும் முறையைச் சுருக்கி எழுதுக.
2. நகரும் நிழலை வரைவோர் எவ்வாறு கையாள வேண்டும்? மோனே பின்பற்றிய முறையோடு ஒப்பிடுக.

நெடுவினா
‘கேட்டதை நம்பி வரைவதைவிடக் கண்டதை ஆராய்ந்து வரைவதே ஓவியருக்கு அழகு’ – தஞ்சை விமானத்தை முன்வைத்து விளக்குக.